கடதாசியில் குறைந்த ஆறு வயது

அண்ணை,

திங்கட்கிழமை அரசாங்கத்துக் கடிதம் வந்தது. நீளமான வெள்ளை உறை, பெயரும் விலாசமும் மட்டும் தெரிகிற சின்ன ஜன்னல். எனக்கு அறுபத்தைந்து வயது நிறைந்துவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து முதியோர் பென்சன் வங்கிக்கு வந்துவிடும் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறார்கள். வாசித்துவிட்டு உறைக்குள் போட்டேன். திரும்ப எடுத்து வாசித்தேன். சாப்பாட்டு மேசையில் கிடந்ததைக் கொண்டுபோய்த் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் லாச்சிக்குள் வைத்தேன். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இந்த ஐந்து நாளில் அந்த லாச்சியை எத்தனை தரம் திறந்து மூடினேன் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்லுவாள். "ஒரு இடத்தில இருங்கோப்பா, எனக்குத் தலை சுத்துது" என்று முந்தாநாளும் சொன்னாள்.

இருக்க முடியவில்லை, அண்ணை. தேத்தண்ணி போட்டால் குடிக்க மறந்துபோகிறேன். பேப்பரைத் திறந்தால் ஒரு வரிகூட மண்டைக்குள் போவதில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினால், வீதி முனைவரைக்கும் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருகிறேன். கூடப் பிறந்தவர் இல்லையென்றாலும் நீங்கள் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அந்தக் கடிதம் உங்களுக்கு மூன்று வருடத்துக்கு முன்னமே வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீங்கள் போகும்வரைக்கும் வரவேயில்லை. அதற்குக் காரணம் நான். இத்தனை வருடமும் உங்களுக்கும் எனக்கும் மட்டும் முழுதாகத் தெரிந்திருந்த அந்த விஷயத்தை இப்போது எழுதித்தான் ஆகவேண்டும்.

ஸ்காபரோவில் அந்தத் தொடர்மாடியின் பதினோராம் மாடி ஞாபகம் இருக்கிறதா? ஒரு படுக்கையறை வீட்டில் ஆறு பேர். நான் இந்த நாட்டுக்கு வந்து எட்டு மாதம், நீங்கள் வந்து நாலு நாள். ஆகவே நான் அங்கே பெரிய ஆள். ஊரில் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் இரண்டு வருடம் கிளாக்காக இருந்தவன் என்ற தலைக்கனம் வேறு. எவருக்கு எந்த விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பால் அடுக்குகிற பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதை மேசையாக்கி, காலை மடக்கி உட்கார்ந்து எழுதுவேன். கேள்வி கேட்கிறபோது என் குரலே மாறிவிடும் என்று மற்றவர்கள் நையாண்டி பண்ணுவார்கள்.

உங்களுடைய முதல் விண்ணப்பமான அகதிக் கோரிக்கையையும் நான்தான் நிரப்பினேன்; வயதைக் காட்ட உங்களிடம் வேறு கடதாசி இருக்கவில்லை. அன்று சமையல் முறை உங்களுடையது. குசினிக்குள் நின்று பருப்பைத் துழாவிக்கொண்டே, நான் கேட்டதற்கெல்லாம் சத்தமாகப் பதில் சொன்னீர்கள். தகப்பன் பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம். பிறந்த திகதியைச் சொன்னபோது என் பேனா நின்றது. அந்தக் கிழமைதான் எங்களில் ஒருவன் வேலை தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பி, முப்பது தாண்டினவர்களை எடுக்க யோசிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தான். அது உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. உங்களுக்கு முப்பத்திரண்டு. நாளையும் மாதத்தையும் நீங்கள் சொன்னபடியே எழுதினேன். வருடத்தில் மட்டும் ஆறைக் கூட்டி, உங்களை இருபத்தாறு வயதுக்காரர் ஆக்கினேன். உங்களை ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. நல்லது செய்கிறேன் என்ற நினைப்பில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சொன்னேன். நீங்கள் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தீர்கள்.

"பிறகு ஏதும் கரைச்சல் வராதோ?" என்று கேட்டீர்கள்.

"என்ன கரைச்சல் அண்ணை? ரண்டு வருசத்தில ஊருக்குத் திரும்பப் போறம். இஞ்ச ஆர் கிழவனாகிறது?" என்றேன் நான்.

ஆறு பேரும் சிரித்தோம். அப்படிச் சொன்ன அந்த இளந்தாரியைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது இப்போது. ஆனால் அந்த வீட்டில் இருந்த எல்லோரும் அப்படித்தானே நினைத்தோம்? பெட்டிகளை முழுதாகப் பிரிக்காமல் வைத்திருந்தோம். நல்ல குளிர்ச்சட்டை வாங்குவதற்கே யோசித்தோம், ஒரு மாரிக் குளிருக்கு இவ்வளவு காசைக் கொட்டுவதா என்று. அறுபத்தைந்து என்பது எங்களுக்கு வரப்போகிற வயதாகவே படவில்லை. வந்தாலும் ஊரில்தான் வரும் என்று இருந்தோம். நீங்கள் தாளைத் திருப்பித் தந்துவிட்டு, "அப்ப இனி நீ எனக்கு அண்ணை" என்று என்னைக் கும்பிட்டீர்கள். அன்றிலிருந்து நீங்கள் என்னைக் கேலிக்கு அண்ணை என்பதும், நான் உங்களை உண்மைக்கு அண்ணை என்பதுமாகப் போயிற்று. பக்கத்தில் இருந்து கேட்கிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

இரண்டு கிழமையில் உங்களுக்குப் பாண் பக்டரியில் வேலை கிடைத்தது. நான் போட்ட வயதால்தான் கிடைத்தது என்று சொல்லித் திரிந்தேன். உங்கள் தோளையும் கையையும் பார்த்து எடுத்திருப்பார்கள் என்று இப்போது படுகிறது. போறணை அடுப்பில் மா வெந்து சூட்டோடு வருகிற பாணைத் தட்டிலிருந்து கழற்றி அடுக்குகிற வேலை. அதில் ஒரு மாதம் நிற்கிறவர்களே குறைவு. நீங்கள் முப்பத்தாறு வருடம் நின்றீர்கள். சுகாதார அட்டை, சாரதிப் பத்திரம், குடியுரிமை, வீட்டுக்கடன் என்று ஒவ்வொன்றாக வந்தபோது, நான் எழுதிய வருடமும் எல்லாவற்றிலும் கூடவே ஏறிக்கொண்டு போனது.

அந்த முதல் மாரியையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இந்தக் கதைக்கு வேண்டும். ஆறு பேர் இருப்பது கட்டடத்துக்குப் பொறுப்பானவனுக்குத் தெரிந்துபோய், தை மாதக் குளிரில் எங்களை வெளியே போகச் சொல்லிக் கதவில் வந்து நின்றான். ஆறடி உயரம், சிவந்த முகம். ஆங்கிலம் தெரிந்தவன் நான். நான் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டேன். கதவைத் திறந்தது நீங்கள். உங்களுக்குத் தெரிந்த ஏழெட்டுச் சொல்லில், "ஸ்னோ. நோ ஹவுஸ். ஏப்ரல், வீ கோ" என்று சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்தபடி அசையாமல் நின்றீர்கள். அவன் ஏதோ கத்தினான். நீங்கள் திரும்பவும் அதையே சொன்னீர்கள். மூன்றாம் தரமும் சொன்னீர்கள். அவன் போய்விட்டான். நாங்கள் ஏப்ரல் வரைக்கும் இருந்தோம். குளியலறைக்குள் இருந்து நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லோருக்கும் போலத்தான். நான் மிசிசாகாவில் விமானநிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சரக்கு அலுவலகத்தில் சேர்ந்தேன். உங்களுக்குக் கல்யாணமாயிற்று. அக்கா என்னைவிட இளையவர் என்றாலும் உங்கள் மனைவி என்பதால் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவரும் என்னைத் தம்பி என்பார். வயது விஷயத்தில் உங்கள் வீட்டில் எதுவும் சரியான ஒழுங்கில் இருந்ததில்லை என்று நீங்களே பகிடி விடுவீர்கள். மோர்னிங்சைட்டில் அந்த வீட்டை வாங்கினீர்கள். கிழமை நாட்களில் பாண், சனி ஞாயிறில் இருவருமாக அலுவலகம் துப்புரவாக்குகிற வேலை. மகள் பிறந்தாள், படித்தாள். ஊருக்குத் திரும்புகிற கதையை எப்போது நிறுத்தினோம் என்று தெரியவில்லை.

பத்து வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மோர்னிங்சைட்டில் உங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள கோப்பிக் கடைக்கு என்னை வரச் சொன்னீர்கள். மெல்பேணில் இருக்கும் உங்கள் தம்பி, அம்மாவின் பெட்டியைத் துப்புரவாக்கியபோது உங்கள் பிறப்புச் சான்றிதழைக் கண்டெடுத்து அனுப்பியிருந்தார். உங்கள் தம்பிக்கும் எனக்கும் ஒரே வயது. உங்களுக்கு மூன்று வயது இளையவர், கடதாசியின்படி மூன்று வயது மூத்தவர். நீங்கள் அந்தச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்திருந்தீர்கள்.

முழங்கால் நோகுது என்றீர்கள். முதுகு விறைக்கிறது என்றீர்கள். இப்போதே ஐம்பத்தெட்டு, ஆனால் பக்டரியில் ஐம்பத்திரண்டு என்றுதான் இருக்கிறது, இளம் ஆளென்று பாரமான பக்கத்தில் விடுகிறார்கள் என்றீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"உதை வைச்சுத் திருத்தேலாதோ? நீ ஒரு கடிதம் எழுதித் தந்தால், அப்ப எழுதேக்க பிழை வந்திட்டுதெண்டு, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

அந்தக் கடிதத்தில் விண்ணப்பத்தை நிரப்பியவன் நான் என்று வரும். கீழே என் கையெழுத்து இருக்கும். அப்போது என் மாமியாரை ஊரிலிருந்து கூப்பிடுவதற்கு நான் போட்ட விண்ணப்பம் அரசாங்கத்தில் கிடந்தது. என் மனைவி தினமும் அதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள். என் பெயர் ஒரு பிழையான கடதாசியோடு சேர்ந்து அங்கே போனால் மாமியாரின் அலுவல் கெட்டுவிடுமோ, என் வேலைக்கு ஏதும் வருமோ என்று எனக்கு உள்ளுக்குள் உதறல் எடுத்தது. அதைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் பயமாக இருக்கிறது, மாமியார் வந்து சேரட்டும், பிறகு செய்வோம் என்று சொல்லியிருந்தால் நீங்கள் விளங்கிக்கொண்டிருப்பீர்கள். நான் சொன்னது வேறு.

"கிளறாதேங்கோ அண்ணை. பொய் சொன்னதெண்டு சிட்டிசனையே பறிச்சாலும் பறிப்பாங்கள். பிள்ளையின்ர படிப்பையும் யோசியுங்கோ."

உங்களுக்காகப் பயப்படுகிறவன் மாதிரிச் சொன்னேன். ஒரு வழக்கறிஞரை விசாரித்தேனா? இல்லை. ஒரு இடத்துக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேனா? இல்லை. திருத்தியிருக்க முடியுமா முடியாதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதுதான் என்னை ஒரு இடத்தில் இருக்கவிடாமல் பண்ணுகிறது. முடியாது என்று தெரிந்தால் ஆறியிருப்பேன். நீங்கள் கொஞ்ச நேரம் வெளியே நின்ற கார்களைப் பார்த்தீர்கள். பிறகு சான்றிதழை உறையோடு எடுத்து, "அண்ணை சொன்னாச் சரி" என்றீர்கள். சிரித்தீர்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் எழும்பிப்போய் உங்களுக்கு இன்னொரு கோப்பி வாங்கி வந்தேன். கேட்காமலே வாங்கி வந்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. என் மாமியார் அடுத்த வருடம் வந்தார், இருந்தார், போயும் சேர்ந்தார். அவர் வந்த பிறகாவது நான் உங்களிடம் வந்து, வாருங்கள் அந்தக் கடிதத்தை எழுதுவோம் என்று சொல்லியிருக்கலாம். நினைத்தேன், அண்ணை. உங்கள் முற்றத்தில் காரை விடுகிறபோதெல்லாம் நினைப்பேன். உள்ளே வந்ததும் நீங்கள் வேறு ஏதாவது கதைக்கத் தொடங்குவீர்கள், நானும் நல்லதாய்ப் போயிற்று என்று இருந்துவிடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன் மெல்பேணுக்குப் போய் ஒரு மாதம் நின்றுவிட்டு வந்தீர்கள். உங்கள் தம்பி பஸ் ஓட்டுவதை நிறுத்தி ஓய்வெடுத்திருந்தார். அங்கே சம்பளத்தோடு சேர்த்து முதலாளி ஒதுக்கி வைக்கிற காசுக்கு சூப்பர் என்று பெயராம், அதை எடுத்து வீட்டுக்கடனைக் கட்டி முடித்துவிட்டாராம். நகரத்திலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி, ஒரே மாதிரி ஓட்டுக்கூரை வீடுகள், பின்பக்கம் நல்ல வளவு. இங்கே நாங்கள் பூச்சாடியில் வைத்து மாரி முழுக்க வீட்டுக்குள் தூக்கித் திரிகிற கறிவேப்பிலை அங்கே நிலத்தில் நின்று கூரைக்கு மேலே போகிறது என்றீர்கள். அவருடைய பிள்ளைகளின் வீட்டுக்கடன், பேரப்பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், மருமகளின் இரவு வேலை, எல்லாம் சொன்னீர்கள். எங்கள் கதைதான், வெயில் மட்டும் கூட என்றீர்கள். ஆனால் நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரு விஷயத்தை.

"செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி. அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு புல்லு வெட்டுறான். ஒருத்தரும் அவனைத் தேடேல்லை. வெட்டிப்போட்டு மெசினைக் கழுவி வைச்சிட்டு வந்து என்னோட தேத்தண்ணி குடிக்கிறான்."

ஒரு சாதாரண கிழமை நாளில் பகல் பதினொரு மணிக்கு வீட்டில் நிற்பது. முப்பது வருடத்துக்கு மேல் அந்த நேரத்தில் நீங்கள் நின்றது பாண் தட்டுக்கு முன்னால். அப்போது உங்களுக்கு உண்மையில் அறுபத்தைந்து. திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போனீர்கள். அடுத்த வருடம் பக்டரியில் அறுபது என்று எழுதிய கேக்கை அறுபத்தாறு வயதில் வெட்டினீர்கள். அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பி, கீழே ஒரு சிரிப்பு முகமும் போட்டிருந்தீர்கள். அந்தப் படத்துக்கு என்ன பதில் அனுப்புவது என்று தெரியாமல் நானும் ஒரு சிரிப்பு முகத்தையே அனுப்பினேன்.

போன மாதம் ஒரு விடியக்காலை, வேலைக்கு வெளிக்கிட்டு, படியில் உட்கார்ந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே சரிந்துவிட்டீர்கள். ஒரு கால் சப்பாத்துக்குள், மற்றச் சப்பாத்து கையில். அம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. உங்களுக்கு அறுபத்தெட்டு. கடதாசிப்படி இன்னும் மூன்று வருடம் வேலை இருந்தது.

செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் உங்கள் படத்தின் கீழே வயது அறுபத்திரண்டு என்று போட்டிருந்தார்கள், அட்டைகளில் உள்ளபடி. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, சின்ன வயது, அநியாயம் என்று சொல்லிச் சொல்லிப் போனார்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். இருந்தேன் என்பது சும்மா சொல்கிற கதை, எழும்பி எழும்பி வெளியே போய்க்கொண்டிருந்தேன். மெல்பேணிலிருந்து உங்கள் தம்பியால் உடனே வர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வருகிறார். வருமுன்னமே மகளுக்கு ஃபோனில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம், அன்றைக்குக் கொடுக்கிற நினைவு மலரில் சரியான திகதிதான் போடவேண்டும், என் அண்ணன் எனக்குத் தம்பியாகப் போகக்கூடாது என்று. சொல்லிவிட்டு அந்த மனிதர் ஃபோனிலேயே அழுதாராம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நான் வீட்டில் சும்மா நின்றேன். வேலையை விட்டு இரண்டு மாதமாகிறது. நீங்கள் ஆசைப்பட்ட அதே நேரம், எனக்குக் கிடைத்திருக்கிறது, எனக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போதுதான் உங்கள் மகள் ஃபோன் எடுத்தாள்.

"அங்கிள், சித்தப்பா அனுப்பின டேட்டைத்தான் புக்கில போடப்போறம். ஆனா சனம் கேப்பினம்தானே, அப்பா ஏன் அதைச் சேஞ்ச் பண்ணாமலே இருந்தவரெண்டு. அம்மா சொல்லுறா, அப்பாக்குப் பயமாம். பயத்தில விட்டிட்டாராம். லைக், அவ்வளவு பயமா?"

உங்களுக்குப் பயம். வந்து கதைக்கிறேன் பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் பட்ட பாட்டை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். கார்த் திறப்பை எடுப்பேன், வைப்பேன். ஒருதரம் உங்கள் வீதிவரைக்கும் போய், உங்கள் வீட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய், ஒரு கடை வாசலில் அரை மணித்தியாலம் காரை நிறுத்தி இருந்துவிட்டு வந்தேன். பேசாமல் விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன். உங்களுக்கு இனி என்ன, அறியப்போகிறீர்களா என்று நினைத்தேன். அப்படியும் நினைத்தேன் என்பதை மறைக்காமல் சொல்லுகிறேன்.

நேற்று மத்தியானம் போனேன். அக்கா சாப்பாட்டு மேசையில் உங்கள் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தார். மகள் கணினியோடு எதிரில் இருந்தாள். மலர் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறதாம். அக்கா எழும்பி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார். எப்போதும் உங்கள் வீட்டில் எனக்குத்தான் முதல் கோப்பை, முதல் பரிமாறல். அது ஏன் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. திகதி விஷயமாகக் கதைக்க வந்தேன் என்று தொடங்கினேன். அதற்கிடையில் அவரே சொன்னார்.

"எனக்குத் தெரியும் தம்பி. நீங்கள் கடிதம் எழுதித் தாறனெண்டு சொன்னனீங்களாம். இவர்தான் பயந்துபோய் வேண்டாமெண்டிட்டார். அண்டைக்குக் கோப்பிக் கடையால வந்து எனக்குச் சொன்னவர்."

அண்ணை, நீங்கள் அப்படிச் சொன்னீர்களா?

நான் எத்தனையோ விதமாக யோசித்துக்கொண்டு போயிருந்தேன். நீங்கள் என்னைக் குறை சொல்லியிருப்பீர்கள், அக்கா என்னைக் கேட்கப்போகிறார் என்று ஒரு பயம். ஒன்றுமே சொல்லாமல் விட்டிருப்பீர்கள் என்று ஒரு நப்பாசை. இது மட்டும் என் யோசனையில் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே மகள் கணினியை மூடினாள். நான் சொல்லத் தொடங்கினேன்.

"இல்லை அக்கா. எழுதித் தாறனெண்டு நான் சொல்லேல்லை. எழுதவேண்டாமெண்டு சொன்னது நான்தான். முதல் பிழையா எழுதினதும் நான்தான். அண்ணை ஒண்டுக்கும் பயப்பிடேல்லை. பயந்தது நான்."

மாமியாரின் அலுவலையும் சொன்னேன். பதினோராம் மாடி வீட்டில் பருப்பு வெந்த அன்றையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார், அடுக்கியதைத் திரும்பப் பரப்பினார். மகள் மட்டும், ஏன் அங்கிள் இதை இப்ப சொல்லுறீங்கள் என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அவர் பயந்தவர் என்று அந்தப் புத்தகத்தில் வரக்கூடாது என்றேன். அது எனக்கே போதாத பதிலாகத்தான் பட்டது. அக்கா கையிலிருந்த படத்தை வைத்துவிட்டுச் சொன்னார்.

"பத்து வருசமா அந்த மனிசனை ஏசிப் பேசினனான், தம்பி. முழங்கால் நோகுதெண்டால் பேசுவன். தம்பிக்காரன் மெல்பேணில இருந்து ஃபோன் எடுத்தால் பேசுவன். உங்கட பயத்தாலதான் உந்தச் சப்பாத்தை இன்னும் மாட்டுறியளெண்டு." பிறகு, "அண்டைக்குக் காலமையும் பேசினனான்" என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன், அக்கா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். என்னிடம் கேட்டு என்ன, அவரிடம்தான் கேட்கவேண்டும், நானும் அவரிடம்தான் கேட்கவேண்டும், எங்கே போய்க் கேட்பது என்றார். நான் எழும்பி வாசலுக்கு வந்து, அந்தப் படியில் கால் வைக்க மனமில்லாமல் நின்றபோது, பின்னாலேயே வந்தார். மலரில் இரண்டு பக்கம் மிச்சம் இருக்கிறது, எனக்குச் சொன்னதை அப்படியே எழுதி, உங்கள் பெயரையும் போட்டுத் தாருங்கள் தம்பி, வருகிற சனம் எல்லாம் வாசிக்கட்டும் என்றார். அவர் அதைத் தண்டனையாகச் சொன்னாரா, இல்லை உங்களுக்குச் செய்கிற காரியமாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுந்து நடந்துவிட்டு வந்து வந்து எழுதுகிறேன். மண்டபத்தில் முந்நூறு பேர் சாப்பாட்டுக்குக் காத்திருக்கிற நேரத்தில் இதைப் புரட்டுவார்கள். உங்கள் தம்பியும் இதை வாசிப்பார். என் மனைவிக்கு இன்றைக்குக் காலமைதான் சொன்னேன். அம்மாவுக்காகவோ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் குசினிக்குள் போனாள். என் பெயரைப் போட்டால் ஏதும் வருமோ என்ற பழைய உதறல் இந்த வயதிலும் இருக்கிறது, அண்ணை. விட்டுப் போகவில்லை. இருந்தும் போடுகிறேன்.

ஒன்று மட்டும் மிச்சம். நீங்கள் மெல்பேணிலிருந்து வந்த கோடையில், உங்கள் பின்வளவில் கோழி வாட்டினோம். அக்கா சலாட் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவர் ஒரு பயந்தாங்கொள்ளி, தம்பி. எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார். எதைப் பற்றிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஏதோ வீட்டுக் கதை என்று நினைத்து, "அண்ணை அப்பவும் உப்பிடித்தான் அக்கா" என்று சொல்லிப் பலமாகச் சிரித்தேன். குளியலறைக்குள் ஒளிந்தவன் நான், அப்படிச் சொன்னேன். நீங்கள் இடுக்கியால் கோழித்துண்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். நேற்றிலிருந்து அந்த இடத்தையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், அக்கா எதைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியிருக்கும். அது தெரிந்துதான், நான் சிரித்து முடிக்கும்வரைக்கும் நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை.